மருந்து பழகிப் போகுமா?



"மருந்து உடம்புக்குப் பழகிப்போச்சு, அதான் கேக்க மாட்டேங்குது" என்று நம்ம வீட்டில் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். ரத்தப் புற்றுநோயில் ஒரு வகைக்கு இப்படி மருந்து கேட்காமல் போனபோது, விஞ்ஞானிகள் காரணத்தைத் தேடினார்கள். பலரிடம் டி.என்.ஏ.வில் ஒரே ஒரு எழுத்து மாறியிருந்தது! அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். மெண்டலின் பட்டாணிச் செடி நமக்குப் பத்தாம் வகுப்பில்தான் வரும். ஆனாலும் இது புரியும், பயப்படாதீங்க.

நம் உடம்பின் பெரும்பாலான செல்களில் 46 குரோமோசோம்கள் உள்ளன. 1960-ஆம் ஆண்டு அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் பீட்டர் நோவல், டேவிட் ஹங்கர்ஃபோர்டு என்ற இருவர், சி.எம்.எல். என்ற ரத்தப் புற்றுநோய் வந்தவர்களின் செல்களில் ஒரு குரோமோசோம் மட்டும் குட்டையாக இருப்பதைப் பார்த்தார்கள். அதற்குப் பிலடெல்பியா குரோமோசோம் என்று பெயர் வந்தது. சரி, மிச்சத் துண்டு எங்கே போச்சு? அதை 1973-இல் கண்டுபிடித்தவர் சிகாகோவைச் சேர்ந்த ஜேனட் ரௌலி என்ற பெண் விஞ்ஞானி. குரோமோசோம் படங்களைக் கத்தரித்து, வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் பரப்பி வைத்துப் பார்ப்பாராம். 9-வது குரோமோசோமும் 22-வது குரோமோசோமும் உடைந்து, துண்டுகளை மாற்றி ஒட்டிக்கொண்டிருந்தன. (எனக்கு இந்தக் கட்டுரையில் ரொம்பப் பிடித்தவர் இவர்தான்.)

ஒட்டிய இடத்தில் இரண்டு ஜீன்கள் சேர்ந்து ஒன்றாகிவிட்டன. அந்தப் புது ஜீன் செய்யும் புரதத்தின் பெயர் பி.சி.ஆர்.-ஏ.பி.எல். அது அணைக்க முடியாத சுவிட்ச் மாதிரி, "பெருகு, பெருகு" என்று செல்லுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். வெள்ளையணுக்கள் கணக்கில்லாமல் பெருகும். இது அப்பா அம்மாவிடமிருந்து பிள்ளைக்கு வருவதில்லை. தொட்டாலும் ஒட்டாது. அந்த நோயாளி பக்கத்தில் உட்காரப் பயப்படுகிறவர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்கவும்.

2001-இல் இமாடினிப் என்ற மாத்திரைக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அந்தப் புரதத்தில் சக்தி தரும் ஏ.டி.பி. வந்து உட்காரும் ஒரு குழி இருக்கிறது. இமாடினிப் அங்கே முந்திப் போய் உட்கார்ந்துகொள்ளும். சுவிட்ச் அணைந்துவிடும். தினமும் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு வேலைக்குப் போகிற அளவுக்குப் பலர் தேறினார்கள். இந்தியாவில் இந்த மருந்துக்குக் கேட்ட காப்புரிமையை 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அதனால் நம் நாட்டுக் கம்பெனிகள் விலை குறைந்த மாத்திரையைத் தொடர்ந்து செய்ய முடிந்தது.

ஆனால் சிலருக்கு நோய் திரும்பி வந்தது. அந்த 2001-லேயே சார்லஸ் சாயர்ஸ் குழுவினர் காரணம் சொன்னார்கள். ஜீனில் ஏ-சி-டி என்று இருந்த மூன்று எழுத்து, ஏ-டி-டி என்று ஆகியிருந்தது. நடு எழுத்து மட்டும்தான் வேற! அதனால் புரதத்தின் 315-வது இடத்தில் திரியோனின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதிலாக ஐசோலூசின் வந்து உட்கார்ந்துவிட்டது. திரியோனின் இமாடினிப்பைக் கைகோத்துப் பிடித்துக்கொள்ளும். ஐசோலூசினுக்கு அந்தக் கை கிடையாது, உருவமும் பருமன். மருந்து உள்ளே நுழையவே முடியாது. ஏ.டி.பி. மட்டும் வழக்கம்போல் போய்வரும்.

இந்த மாற்றத்தை மருந்து உண்டாக்குவதில்லை. கோடிக்கணக்கான செல்கள் பெருகும்போது எங்கேயோ ஒன்றில் பிழை தற்செயலாக விழுகிறது. பருத்திக்குப் பூச்சிமருந்து அடித்தால் மற்ற புழுவெல்லாம் செத்து, தாங்குகிற நாலு புழு மட்டும் பிழைத்து வயலை நிரப்புமே, அதே கதைதான். நோயாளியின் உடம்பு பழகவில்லை, செல் கூட்டம்தான் மாறிவிட்டது. டாக்டரைக் கேட்காமல் மாத்திரையை அப்பப்ப விட்டால் நோய் செல்கள் மறுபடி பெருகும். பெருகப் பெருகப் புதுப் பிழை விழ வாய்ப்பும் கூடும்.

பின்னால் வந்த டசாடினிப், நிலோடினிப் மருந்துகளும் இந்த 315-இடம் தோற்றன. 2012-இல் வந்த பொனாடினிப்தான் ஜெயித்தது. அதன் நடுவில் கார்பன் அணுக்களுக்கிடையே ஒரு முப்பிணைப்பு இருக்கிறது. அந்த இடம் ஒல்லியாக நீளமாக இருப்பதால் ஐசோலூசினை இடிக்காமல் நழுவிப் போய்விடும். ஆனால் ரத்தக் குழாய் அடைப்பு வரும் ஆபத்து உள்ளதால் டாக்டர்கள் மிகக் கவனமாகவே கொடுக்கிறார்கள். 2021-இல் அனுமதி பெற்ற அசிமினிப் அந்தக் குழிப் பக்கமே போவதில்லை, புரதத்தின் வேறொரு பள்ளத்தில் உட்காருகிறது.

ஒரு அமினோ அமிலம் மாறினால் என்ன ஆகும் என்பதற்கு இன்னொரு அதிசயம், சாணத்தில் வளரும் ஒரு பூஞ்சை! பெயர் போடோஸ்போரா. இரண்டு பூஞ்சைக் கூட்டங்கள் வளர்ந்து சந்தித்தால் அவற்றின் இழைகள் ஒன்றாக இணையும். ஒத்துப்போகும் இனமென்றால் சத்தைப் பகிர்ந்துகொண்டு வாழும். ஒத்துப்போகாத இனமென்றால் இணைந்த செல்கள் அங்கேயே செத்துவிடும். அதனால் ஒன்றிலுள்ள வைரஸ் மற்றதற்குப் பரவுவது குறையும். இதைத் தீர்மானிக்கும் ஜீன்களில் ஒன்று ஹெட்-எஸ். அதன் புரதத்தில் 289 அமினோ அமிலங்கள் உள்ளன. அவற்றில் 33-வதை மட்டும் ஆய்வுக்கூடத்தில் மாற்றிப் பார்த்தார்கள். அந்த ஒன்று போதும், நேற்றுவரை சொந்தமாக இருந்த பூஞ்சை அன்னியமாகிவிட்டது. இரண்டும் சந்தித்த இடத்தில் விழும் கோட்டை நுண்ணோக்கி இல்லாமல் வெறும் கண்ணாலேயே பார்க்கலாம்.

— ஒன்பதாம் வகுப்பு மாணவி