படகுக்கு ஏற்ற புரொப்பெல்லர் எது?

கடற்றொழில் செய்யும் எம் குடும்பங்கள் 2022 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தை மறந்திருக்கமாட்டா. 87 ரூபாவாக இருந்த ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் 340 ரூபாவாக ஏறியது. எண்ணெய் விலையைப் பற்றி எல்லோரும் பேசினோம். அந்த எண்ணெயை வீணாக்கும் பொருத்தமற்ற புரொப்பெல்லரைப் பற்றிப் பேசினவர் சிலரே.

வெளியிணைப்பு இயந்திரத்தின் புரொப்பெல்லரில் பொதுவாக இரண்டு எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். முதலாவது விட்டம். மற்றது ‘பிட்ச்’, அதாவது, நீரில் வழுக்காதிருந்தால் ஒரு சுற்றில் எத்தனை அங்குலம் முன்னேறும் என்பது. மரத்தில் இறங்கும் திருகாணியை நினைத்துக்கொள்ளுங்கள்.

பிட்ச் கூடினால் வெறும் படகு பறக்கும். எம் இளைஞருக்கு இதில்தான் ஆசை! ஆனால் வலையும் ஐஸும் மீனும் ஏறியதும் இயந்திரம் முக்கும், சுற்று ஏறாது, எண்ணெய் வீணாகும், பிஸ்டனில் கரி படியும். காற்று எதிர்த்தால் கரை சேருவதும் சிரமம். பிட்ச் மிகக் குறைந்தாலோ இயந்திரம் அளவுக்கு மீறிச் சுற்றித் தேய்ந்துபோகும்.

ஆகவே, திரும்பி வரும்போது வழமையாக இருக்கும் பாரத்தோடு முழு வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பதை மெக்கானிக்கைக் கொண்டு சுற்றுமானியால் அளப்பியுங்கள். இயந்திரத்தின் கைநூல் குறிக்கும் எல்லைக்கு அது குறைந்தால், பிட்ச் ஓர் அங்குலம் குறைந்ததை மாட்டுங்கள். ஏறத்தாழ 200 சுற்றுக் கூடும்.

முருகைக்கல்லில் அடிபட்டு இதழ் வளைந்திருந்தால் இந்தச் சோதனையால் பயனில்லை. முதலில் அதைத் திருத்துங்கள். கழற்றிய பழையது நல்ல நிலையிலிருந்தால் விற்றுவிடாமல், சாவியோடு படகிலேயே வைத்திருங்கள்.