காரில் வாக்கி டாக்கி: கையில் வைப்பதா, பொருத்துவதா?

மதுரை கே.கே. நகரில் எங்கள் பகுதியிலிருந்து மூன்று, நான்கு கார்களில் குடும்பங்களாகக் கொடைக்கானல் கிளம்புவது வழக்கம். வாடிப்பட்டி, வத்தலக்குண்டு வழியாகப் போய் மலை ஏறும் சாலையில் சில இடங்களில் செல்போன் சிக்னல் கிடைக்காது. முன்னால் போகும் கார் எங்கே நிற்கிறது என்று பின்னால் வருபவருக்குத் தெரியாது. "நாலு காருக்கும் வாக்கி டாக்கி வாங்கிடலாமா சார்? கையில வைக்கிறது வாங்கவா, கார்லயே ஃபிட் பண்றது வாங்கவா?" என்று நண்பர்கள் என்னிடம் கேட்பதுண்டு. உங்களில் பலருக்கும் இதே கேள்வி இருக்கலாம். அதற்கான விடையை இந்தக் கட்டுரையில் பார்ப்போம்.

இரண்டு வகைகள்

முதல் வகை கையடக்க செட். பேட்டரி, ஆன்டெனா, மைக், ஸ்பீக்கர் எல்லாம் ஒரே பெட்டிக்குள் இருக்கும். இதன் சக்தி அரை வாட்டிலிருந்து 5 வாட்ஸ் வரை.

இரண்டாவது வகையை மொபைல் செட் என்பார்கள். (செல்போனுடன் குழப்பிக்கொள்ள வேண்டாம்.) இது டேஷ்போர்டின் கீழே பொருத்தப்படும். காரின் 12 வோல்ட் பேட்டரியிலிருந்து மின்சாரம் எடுக்கும். ஆன்டெனா கூரை மேல் இருக்கும். சுருள் வயரில் மைக் தொங்கும். போலீஸ் ஜீப்பில் பார்த்திருப்பீர்களே, அதுதான். இதன் சக்தி 25 முதல் 50 வாட்ஸ் வரை இருக்கும்.

வாட்ஸ் மட்டும் போதாது

கடைக்குப் போனால் முதலில் வாட்ஸ் கணக்குதான் சொல்வார்கள். 5 வாட்ஸுக்குப் பதில் 50 வாட்ஸ் வாங்கினால் பத்து மடங்கு தூரம் பேசலாம் என்று நினைக்க வேண்டாம். தடையே இல்லாத வெட்டவெளியில்கூடப் பத்து மடங்கு சக்திக்குச் சுமார் மூன்று மடங்கு தூரம்தான் கிடைக்கும். தரையில் அதுவும் குறையும்.

இந்த அலைவரிசைகளில் ரேடியோ அலை ஏறக்குறைய நேர்கோட்டில் செல்லும். எனவே ஆன்டெனாவின் உயரம்தான் முக்கியம். ஒரு எளிய கணக்கு உண்டு. ஆன்டெனா உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12 ஆல் பெருக்குங்கள். எத்தனை கி.மீ. தொலைவில் அடிவானம் என்பது கிடைக்கும். ஒன்றரை மீட்டர் உயரத்துக்கு இது சுமார் 5 கி.மீ. இரண்டு பேரும் அதே உயரத்தில் இருந்தால் இரண்டையும் கூட்டி 10 கி.மீ. இது மரம், கட்டடம் எதுவும் இல்லாத சமவெளிக் கணக்கு.

இதற்கு நம் ஊரிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. 100.5 மெகாஹெர்ட்ஸில் ஒலிபரப்பாகும் கோடைப் பண்பலையை மதுரையில் சாதாரண ரேடியோவில் கேட்கிறோம். கொடைக்கானல் நேர்கோட்டில் சுமார் 80 கி.மீ. தள்ளி இருக்கிறது. மலை 2,000 மீட்டருக்கும் அதிக உயரம். மேலே சொன்ன கணக்கைப் போட்டால் அடிவானம் 180 கி.மீ.க்கு மேல் வருகிறது. டிரான்ஸ்மிட்டரின் சக்தி மட்டும் அல்ல, மலையின் உயரமும் சேர்ந்துதான் அந்த ஒலியை நம் வீட்டுக்குக் கொண்டு வருகிறது.

கார் ஒரு இரும்புக் கூண்டு

கையடக்க செட்டைக் காருக்குள் வைத்துப் பேசினால் அலை கண்ணாடி ஜன்னல் வழியாகத்தான் வெளியேற வேண்டும். பெரும்பகுதி உள்ளேயே வீணாகும். குட்டையான ரப்பர் ஆன்டெனாவின் திறனும் குறைவு. 145 மெகாஹெர்ட்ஸுக்குக் கால் அலை நீள ஆன்டெனா என்றால் சுமார் 52 செ.மீ. தேவை. அதை உள்ளங்கை அளவுக்குச் சுருட்டினால் இழப்பு இருக்கத்தானே செய்யும்?

பொருத்தும் செட்டில் ஆன்டெனா வெளியே, முழு நீளத்தில் நிற்கிறது. இரும்புக் கூரையே அதற்குத் தளமாக உதவுகிறது. சமவெளிச் சாலையில் காருக்குள்ளிருந்து அரை வாட் கையடக்க செட்டில் ஒன்றிரண்டு கி.மீ. எதிர்பார்க்கலாம். கூரை ஆன்டெனாவுடன் 50 வாட்ஸ் செட் என்றால் பத்து கி.மீ.க்கு மேலும் பேசலாம். ஆனால் மலைச் சாலையில் நடுவே பாறை வந்துவிட்டால், கொண்டை ஊசி வளைவின் அந்தப் பக்கம் அரை கி.மீ. தள்ளி இருக்கும் கார்கூடக் கிடைக்காமல் போகலாம்.

லைசென்ஸ்: இதுதான் முதல் கேள்வி

இதுவரை படித்ததும் பொருத்தும் செட்டே மேல் என்று முடிவு செய்திருப்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள். இந்தியாவில் வயர்லெஸ் செட்டை லைசென்ஸ் இல்லாமல் வைத்திருப்பதே குற்றம். சில அலைவரிசைகளுக்கு மட்டும் விலக்கு உண்டு.

1. 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ்: குறைந்த சக்தி, குறுகிய தூர செட்களுக்கு 2018 ஆம் ஆண்டு விதிகளின்படி லைசென்ஸ் தேவையில்லை. கிடைப்பவை கையடக்க செட்கள்தான்.

2. 26.957 முதல் 27.283 மெகாஹெர்ட்ஸ்: சிட்டிசன் பேண்ட் எனப்படுவது. 2005 முதல் 5 வாட்ஸ் வரை விலக்கு உண்டு. ஆனால் ஆன்டெனா செட்டுடன் சேர்ந்தே இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. எனவே அமெரிக்க லாரி டிரைவர்கள் போலக் கூரையில் நீள ஆன்டெனா மாட்ட இந்த விலக்கு உதவாது. 27 மெகாஹெர்ட்ஸுக்குக் கால் அலை நீளமே 2.75 மீட்டர். சின்ன ஆன்டெனாவில் பலன் குறைவு.

3. 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ்: இது அமெச்சூர் எனப்படும் ஹாம் ரேடியோவுக்கானது. லைசென்ஸ் கட்டாயம். மத்திய தொலைத்தொடர்புத் துறை நடத்தும் தேர்வில் தேற வேண்டும். 12 வயது நிரம்பியவர்கள் எழுதலாம். ரெஸ்ட்ரிக்டட் கிரேடுக்கு மோர்ஸ் குறியீடு தெரிந்திருக்கத் தேவையில்லை.

ஆன்லைனில் மலிவாகக் கிடைத்த பல செட்கள் 136 முதல் 174, 400 முதல் 520 மெகாஹெர்ட்ஸ் வரை எங்கு வேண்டுமானாலும் ஒலிபரப்பும். போலீஸ் மற்றும் அவசரச் சேவைகளின் அலைவரிசையில் இவை குறுக்கிட வாய்ப்பு உண்டு. இதனால்தான் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2025 மே மாதம் ஆன்லைன் விற்பனைத் தளங்களுக்கு வழிகாட்டு நெறிமுறைகள் வெளியிட்டது. செட்டின் அலைவரிசை, லைசென்ஸ் தேவையா, இ.டி.ஏ. எனப்படும் உபகரண ஒப்புதல் உள்ளதா என்று பார்க்காமல் பணம் கட்டாதீர்கள்.

டிரைவர் கையில் வேண்டாம்

மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 இல் செய்த திருத்தத்தின்படி, ஓட்டும்போது கையடக்கத் தொடர்புச் சாதனம் பயன்படுத்துவது ஆபத்தான முறையில் ஓட்டும் குற்றத்தில் சேரும். வாக்கி டாக்கி செல்போன் இல்லையே என்று வாதாட வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரே பேசட்டும். பொருத்திய செட்டாக இருந்தாலும் இதே வழக்கம் நல்லது.

பொருத்துவோர் கவனிக்க

* 50 வாட்ஸ் செட் பேசும்போது 10 ஆம்பியர் அல்லது அதற்கு மேல் இழுக்கும். சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகாதீர்கள். பேட்டரியிலிருந்து நேரடியாகத் தடிமனான வயர் இழுத்து, பேட்டரி அருகிலேயே ஃபியூஸ் போடுங்கள்.
* ஆன்டெனா இணைக்காமல் பேசும் பட்டனை அழுத்தாதீர்கள். செட் பழுதாகலாம்.
* ஏர்பேக் விரியும் இடத்தில் செட்டையோ மைக்கையோ மாட்டாதீர்கள்.
* என்ஜினை நிறுத்திவிட்டு நீண்ட நேரம் பேசினால் பேட்டரி இறங்கிவிடும்.

சரி, எதை வாங்கலாம்?

ஆண்டுக்கு ஒன்றிரண்டு பயணம், யாரிடமும் லைசென்ஸ் இல்லை என்றால் ஒப்புதல் பெற்ற 446 மெகாஹெர்ட்ஸ் கையடக்க செட்தான் சரி. காருக்கு ஒன்று போதும். இறங்கி நடக்கும்போதும் உதவும். கார்கள் ஒன்றை ஒன்று பார்க்கும் தூரத்தில் போகட்டும். அடுத்து எங்கே நிற்பது என்பதைக் கிளம்பும் முன்பே பேசி வையுங்கள்.

ஒவ்வொரு காரிலும் ஹாம் லைசென்ஸ் உள்ள ஒருவர் இருந்தால் பொருத்தும் செட் நல்ல தேர்வு. ஒருவருக்கு மட்டும் லைசென்ஸ் இருந்து பயனில்லை. எதிர்முனையில் பேசுபவருக்கும் தேவை. வியாபாரப் பேச்சுக்கு அனுமதி கிடையாது. கையடக்க ஹாம் செட் ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் காந்த அடி கொண்ட கூரை ஆன்டெனாவை அதில் இணைத்தாலே பெரிய வித்தியாசம் தெரியும். செலவும் குறைவு.

செல்போனிலேயே பட்டனை அழுத்திப் பேசும் வாக்கி டாக்கி ஆப்களும் உள்ளன. நெடுஞ்சாலையில் அவை போதும். ஆனால் டவர் இல்லாத மலைப்பாதையில் அவையும் ஊமைதான்.

ஆக, லைசென்ஸ் முதலில், ஆன்டெனா அடுத்து, வாட்ஸ் கடைசியில். இந்த வரிசையில் யோசித்தால் பணமும் வீணாகாது, வம்பும் வராது.