தவிட்டில் ஒரு பூட்டு

ஆந்திரப் பிரதேசத்தில் கிருஷ்ணா, கோதாவரி ஆறுகளுக்கு நடுவே கொல்லேறு ஏரி இருக்கிறது. ஏரியைச் சுற்றிலும் மீன் குளங்கள். அங்கே ரோகு, கட்லா மீன்களை வளர்க்கிறார்கள்.

இந்த மீன்களுக்கு என்ன தீனி? எண்ணெய் எடுத்த தவிடுதான் முக்கியமான தீனி. கொஞ்சம் புண்ணாக்கும் சேர்ப்பார்கள். பழைய உரச் சாக்கில் சிறு துளைகள் போட்டு, தீனியை நிரப்புவார்கள். குளத்தில் நட்ட மூங்கில் கம்பில் சாக்கைக் கட்டுவார்கள். மீன்கள் கூட்டமாக வந்து துளையில் வாய் வைத்துத் தின்னும். பார்க்க வேடிக்கையாக இருக்கும்.

ஆனால் செலவு வேடிக்கை இல்லை. மீன் வளர்ப்பில் பாதிக்கு மேற்பட்ட பணம் தீனிக்கே போகிறது.

ஒரு கணவனும் மனைவியும் அங்கே குளம் வைத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மீன்வளத் துறை அலுவலர் குளத்தைப் பார்க்க வருகிறார்.

"சார், தீனி குறையாமல்தான் போடுகிறோம். மீன் பெருக்கவில்லையே?" என்று மனைவி கேட்கிறார்.

"தீனியில் சத்து இருக்கிறது அம்மா. ஆனால் பூட்டிக் கிடக்கிறது" என்கிறார் அலுவலர்.

அது என்ன பூட்டு?

எலும்பு வளர மணிச்சத்து வேண்டும். வயலுக்கு உரமாகப் போடுகிறோமே, அதே மணிச்சத்துதான். 100 கிலோ தவிட்டில் சுமார் ஒன்றரைக் கிலோ மணிச்சத்து உண்டு. அதில் முக்கால் பங்குக்கு மேல் ஃபைட்டேட் என்ற பொருளுக்குள் அடைபட்டிருக்கிறது. இந்த ஃபைட்டேட் இரும்பு, துத்தநாகம் போன்ற சத்துகளையும் பிடித்து வைத்துக்கொள்ளும்.

மாட்டுக்கு இது ஒரு பொருட்டே இல்லை. அதன் பெரிய வயிற்றில் வாழும் நுண்ணுயிர்கள் பூட்டைத் திறந்துவிடும். ரோகுவுக்கும் கட்லாவுக்கும் இரைப்பையே கிடையாது. தின்றது நேரே குடலுக்குப் போகும். அடைபட்ட சத்து அப்படியே கழிவில் வெளியேறும்.

காசு கொடுத்து வாங்கிய சத்து தண்ணீரில் கலக்கிறது. அதைத் தின்று பாசி பெருகுகிறது. குளம் கரும்பச்சை ஆகிறது. இரவில் பாசியும் மீனைப் போலவே மூச்சு விடும். விடிவதற்குள் தண்ணீரில் காற்று குறைந்துவிடும். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். கவனிக்காவிட்டால் ஒரே இரவில் குளம் முழுவதும் செத்து மிதக்கலாம்.

பூட்டுக்குச் சாவி உண்டு. அதன் பெயர் ஃபைட்டேஸ். இது ஒரு நொதி. நொதி நமக்குப் புதியதல்ல. சோற்றை நன்றாக மென்றால் இனிக்கும், இல்லையா? எச்சிலில் உள்ள நொதி மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றுகிறது. ஃபைட்டேஸ் நொதியைப் பூஞ்சை போன்ற நுண்ணுயிர்களிடமிருந்து எடுக்கிறார்கள். 1990-களில் இது கோழி, பன்றித் தீனிக்காக விற்பனைக்கு வந்தது. பிறகு மீன் தீனிக்கும் வந்தது.

இந்த நொதிக்குக் கொஞ்சம் புளிப்பு பிடிக்கும். மீன் குடலில் புளிப்பு இல்லை. மும்பையில் உள்ள மத்திய மீன்வளக் கல்வி நிறுவனத்தார் ரோகு குஞ்சுகளில் சோதித்தார்கள். தீனியில் சிட்ரிக் அமிலமும் சேர்த்தபோது நொதி நன்றாக வேலை செய்தது. எலுமிச்சையில் புளிப்பாக இருப்பது அந்த அமிலம்தான்.

சூடு இதற்கு ஆகாது. கொதிக்கும் தண்ணீரில் கலந்தால் நொதி கெட்டுவிடும். அதனால் பல தீவன ஆலைகளில் குருணைத் தீவனம் ஆறிய பிறகே நொதியைத் தெளிக்கிறார்கள். சாக்குத் தீனியில் உலர்ந்த பொடியாகத் தூவினால் குளத்துத் தண்ணீர் அதைக் கரைத்துக்கொண்டு போய்விடும். பச்சைத் தண்ணீரில் கரைத்துத் தவிட்டில் பிசிறி, சில மணி நேரம் நிழலில் வைத்தால் வெளியிலேயே பூட்டு திறக்கத் தொடங்கும். நாள் கணக்கில் வைக்கக் கூடாது. பூஞ்சணம் பிடித்த தீனி மீனுக்கு நஞ்சு.

கடையில் எந்தப் பொடியையும் "மீன் பெருக்கும்" என்று சொல்லி விற்பார்கள். பொட்டலத்தை வாங்கிப் படியுங்கள். ஃபைட்டேஸ் என்று எழுதியிருக்கிறதா? ஒரு கிராமில் எத்தனை யூனிட்? காலாவதித் தேதி என்ன?

ஒரு கிலோ தீனிக்கு 500 யூனிட் வேண்டும் என்று அலுவலர் சொல்கிறார். பொட்டலத்தில் ஒரு கிராமுக்கு 5,000 யூனிட் என்று இருக்கிறது. அப்படியானால் 10 கிலோ தீனிக்கு ஒரு கிராம் போதும். 200 கிலோவுக்கு எத்தனை கிராம்? கணக்குப் போட்டுப் பாருங்கள்.