ஆபரேஷன் இல்லையென்றால் கைவிட்டதாக அர்த்தமா?

"ஆபரேஷன் பண்ண முடியாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். அப்போ அவ்வளவுதானா?" மூக்கின் பின்புறத் தொண்டையில் புற்றுநோய் என்றதும் வீட்டில் எழுகிற கேள்வி இது. முதலில் கண்ணைத் துடைத்துக்கொள்ளுங்கள். இந்த நோயில் கத்திக்கு முதலிடம் கிடையாது!

மூக்குத் துவாரம் முடிந்து தொண்டை ஆரம்பிக்கிற இடம், மண்டையோட்டின் அடிப்பகுதியை ஒட்டி இருக்கிறது. பக்கத்திலேயே முக்கியமான நரம்புகள், ரத்தக் குழாய்கள். கத்தி நுழைவது கஷ்டம். ஆனால், இந்தப் புற்று கதிர்வீச்சுக்கு நன்றாகக் கட்டுப்படும். அதனால், நாம் 'கரண்ட் வைக்கிறது' என்கிறோமே, அதுதான் இங்கே பிரதான வைத்தியம்.

ஆரம்ப நிலையா? பெரும்பாலும் கதிர்வீச்சே போதும். வாரம் ஐந்து நாள் வீதம் ஆறேழு வாரம். கட்டி பெரிதாகியோ, கழுத்தில் பரவியோ இருந்தால், கூடவே 'சிஸ்பிளாட்டின்' மருந்தும் ஏற்றுவார்கள். 1998-ல் வெளியான அமெரிக்க ஆய்வில், முற்றிய நிலையில் கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களில் மூன்று வருடம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் 47 சதவிகிதம். மருந்தும் சேர்ந்தபோது 78 சதவிகிதம். வித்தியாசத்தைப் பாருங்கள்! சிலருக்குக் கதிர்வீச்சுக்கு முன்பே 'ஜெம்சிடபின்', சிஸ்பிளாட்டின் இரண்டும் தருவதுண்டு.

திரும்ப வந்தால்? சின்னக் கட்டியென்றால் அப்போது ஆபரேஷன் கைகொடுக்கலாம். உடம்பில் வேறிடங்களுக்குப் பரவியவர்களுக்கு, எதிர்ப்பு சக்தியைத் தூண்டும் 'டோரிபாலிமாப்' என்ற மருந்துக்கு 2023-ல் அமெரிக்கா அனுமதி தந்திருக்கிறது.

கரண்ட் ஆரம்பிக்கும் முன் பல் டாக்டரைப் பார்த்துவிடுங்கள். எச்சில் குறைந்தால் பல் சீக்கிரம் சொத்தையாகும். பிற்பாடு பல் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் போகலாம். கட்டியின் வடிவத்துக்கேற்பக் கதிரைச் செலுத்தும் 'ஐ.எம்.ஆர்.டி.' முறையில் எச்சில் சுரப்பிகளைக் கூடியவரை காப்பாற்றலாம்.

மூணாவது வாரத்தில் வாய் புண்ணாகும், சாப்பாடு இறங்காது. "போதும்ப்பா, நிறுத்திடலாம்" என்று தோன்றும். அங்கேதான் குடும்பம் உறுதியாக நிற்க வேண்டும். இடையில் நாள் விட்டால் பலன் குறையும். கஞ்சி, மோர், கூழாக மசித்த சாதம் கொடுங்கள். அதுவும் முடியாவிட்டால், கொஞ்ச நாளைக்குக் குழாய் வழியே உணவு தருவார்கள். தயங்காதீர்கள்.

தென் சீனாவிலும் நாகாலாந்திலும் அதிகம் காணப்படும் இந்த நோய் நம் பக்கம் அபூர்வம்தான். என்றாலும், வலியில்லாத கழுத்துக் கட்டி, ஒரு காது மட்டும் அடைப்பு, சளியில் ரத்தம்... இவை மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால், காது மூக்கு தொண்டை டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.