பழைய விளையாட்டுகளும் மலிவு லேப்டாப்பும்: சில நம்பிக்கைகள், சில உண்மைகள்

இருபது ஆண்டுகளுக்கு முன்னே, தெருமுனைப் பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து, 'வைஸ் சிட்டி'யின் வீதிகளில் கார் ஓட்டியும், 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்' இரண்டாம் பாகத்தில் கோட்டை கட்டியும் பொழுது போக்கிய மாணவர்கள், உத்தியோகமும் குடும்பமுமாக நிலைபெற்றுவிட்ட இந்நாளில், அதே விளையாட்டுகளை வீட்டிலே ஆடிப் பார்க்க ஆசைப்படுவதிலும், அதற்கென்று மலிவான லேப்டாப் ஒன்றைத் தேடிப் புறப்படுவதிலும் ஆச்சரியம் ஒன்றுமில்லை. ரிச்சி தெருக் கடைகளிலும் சிநேகிதர் வட்டாரத்திலும் அவர்களுக்குத் தாராளமாக வழங்கப்படும் யோசனைகளோ, முழுப் பொய்யாக இருந்தால் எளிதில் தள்ளிவிடலாம்; பாதி உண்மையாக இருப்பதால்தான் பணத்துக்குச் சேதம் விளைவிக்கின்றன. அவற்றுள் பிரதானமானவற்றை ஒவ்வொன்றாகப் பரிசீலிப்போம்.

நம்பிக்கை 1: புது லேப்டாப்பில் எந்தப் பழைய விளையாட்டும் ஓடிவிடும்.

பலத்தை மட்டும் பார்த்தால் இது வாஸ்தவம். 1999-இல் வெளிவந்த 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்' இரண்டாம் பாகம் கேட்டதெல்லாம் 166 மெகாஹெர்ட்ஸ் பிராசசரும் 32 எம்.பி. ராமும்தான்; இன்று கடையில் மிகத் தாழ்ந்த விலைக்குக் கிடைக்கும் யந்திரமும் அதைப் போலப் பன்மடங்கு வலியது. ஆயினும் தடை பலத்தில் இல்லை, இணக்கத்தில் இருக்கிறது. 64-பிட் விண்டோஸ், 16-பிட் நிரல் எதையும் இயக்காது. விண்டோஸ் 11-க்கோ 64-பிட் வடிவத்தைத் தவிர வேறு வடிவமே கிடையாது. 1990-களின் விளையாட்டுகளில் பல, தாம் 32-பிட்டாக இருந்தும், தம்மை நிறுவும் நிரலை மட்டும் 16-பிட்டாகக் கொண்டிருந்தமையால், ஓடும் தகுதி படைத்தவையாயினும் நிறுவும் கட்டத்திலேயே நின்றுவிடுகின்றன.

இரண்டாவது தடை விசித்திரமானது. திருட்டுப் பிரதியைத் தடுக்க அக்காலத்து சி.டி.க்களில் வைக்கப்பட்ட 'சேஃப்டிஸ்க்' என்னும் பூட்டு, விண்டோஸின் உட்புறத்தில் ஒரு டிரைவரை நம்பி இருந்தது. அது பாதுகாப்புக்குப் பங்கம் என்று கருதி மைக்ரோசாப்ட் 2015-இல் விண்டோஸ் 10-லிருந்து அதை விலக்கியதோடு, அவ்வாண்டு செப்டம்பரில் முந்திய விண்டோஸ்களிலும் முடக்கிவிட்டது. ஆகவே முறைப்படி பணம் கொடுத்து அசல் சி.டி. வாங்கிப் பத்திரப்படுத்தியவர்தான் இன்று ஆட முடியாமல் நிற்கிறார்; அந்த சி.டி.யைப் போட டிரைவ்கூட இல்லாமல்தான் இப்போதைய லேப்டாப்புகள் பெரும்பாலும் வருகின்றன.

மூன்றாவது, காட்சி வரையும் முறை. 'திரீடிஎஃப்எக்ஸ்' நிறுவனத்தின் கார்டுகளுக்கென்றே அமைந்த 'கிளைட்' முறையை, அந்நிறுவனம் 2000-ஆம் ஆண்டின் இறுதியில் தன் சொத்துகளை என்விடியாவுக்கு விற்க முடிவு செய்தபின் வந்த எந்தக் கார்டும் நேராகப் புரிந்துகொள்வதில்லை.

இவை யாவற்றுக்கும் பரிகாரம் உண்டு. 2002 முதல் கிடைத்துவரும் 'டாஸ்பாக்ஸ்', பழைய டாஸ் கணினியை அப்படியே பாவனை செய்கிறது. 'டிஜிவூடூ' பழைய காட்சிக் கட்டளைகளைப் புதிய கார்டுக்குப் புரியும்படி மாற்றிக் கொடுக்கிறது. 2008-இல் போலந்தில் தொடங்கிய 'கோக்' கடை, சி.டி. பூட்டில்லாத, இன்றைய விண்டோஸுக்குப் பழக்கிய பிரதிகளை விற்கிறது. இவற்றில் எதற்கும் விலையுயர்ந்த லேப்டாப் அவசியமில்லை.

நம்பிக்கை 2: அப்படியானால் எக்ஸ்பி காலத்து லேப்டாப்பே உத்தமம்.

எக்ஸ்பிக்கான பாதுகாப்பு ஆதரவு 2014 ஏப்ரல் 8-ஆம் தேதியுடன் முடிந்தது. இணையத்தில் இணைக்கத் தகாததும், பாட்டரி செத்ததும், உதிரிபாகம் கிடைப்பது அரிதானதுமான அந்த யந்திரம், சேகரிப்பில் பிரியமுள்ளவருக்கு ஆனந்தம் தரலாம். மாலை நேரத்தில் சற்று ஆட விரும்புகிறவருக்கு அது ஒரு தனி உத்தியோகமாகிவிடும்.

நம்பிக்கை 3: ராம் கூடக் கூட விளையாட்டு வேகமாகும்.

2003-இல் கணினிக்கு வந்த 'வைஸ் சிட்டி'க்கு 128 எம்.பி. ராம் போதும் என்று அதன் அட்டையே சொல்லிற்று; 8 ஜி.பி. என்பது அதைப் போல 64 மடங்கு. தவிரவும், சாதாரண 32-பிட் நிரலுக்கு விண்டோஸ் ஒதுக்கும் இடமே 2 ஜி.பி.தான், அதற்குமேல் 16 என்றும் 32 என்றும் ஏற்றுவது, ஆழாக்கு அரிசிக்கு அண்டாவை அடுப்பில் ஏற்றுகிற காரியம். விண்டோஸும் பிரவுசரும் சிரமமின்றி நடக்க 8 ஜி.பி. இருப்பது விவேகம்.

கவனிக்க வேண்டிய விஷயம் வேறொன்று. மலிவு லேப்டாப்புகளில் கிராபிக்ஸ் என்பது பிராசசரோடு ஒட்டியே இருப்பதாலும், அதற்குச் சொந்த நினைவகம் இல்லாமல் ராமிலிருந்தே கடன் வாங்குவதாலும், ராமின் அளவைவிட அது தரவு கடத்தும் வேகமே காட்சியின் ஓட்டத்தைத் தீர்மானிக்கிறது. டி.டி.ஆர். 4-2400 வகை ஒற்றைக் குச்சி விநாடிக்கு உச்சபட்சம் 19.2 ஜி.பி. கடத்தும், இரண்டு குச்சிகள் சேர்ந்தால் 38.4 ஜி.பி. ஆகையால் 8 ஜி.பி. குச்சி ஒன்றைக் காட்டிலும் 4 ஜி.பி. குச்சிகள் இரண்டு விளையாட்டுக்கு மேலானவை. டாஸ்க் மேனேஜரில் ராம் பக்கத்தைத் திறந்தால், இரண்டு இடங்களில் எத்தனை நிரம்பியிருக்கின்றன என்பது கடையிலேயே தெரிந்துவிடும்.

நம்பிக்கை 4: கிராபிக்ஸ் கார்டு எத்தனை ஜி.பி. என்பதே கேள்வி.

என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 860எம் 2014-இல் வந்தது. 940எம் மறு ஆண்டில் வந்தது. ஆண்டும் எண்ணும் பின்னதற்குச் சாதகமாக இருப்பதால் அதுவே சிறந்தது என்று விற்பவரும் சொல்வார், வாங்குபவரும் நம்புவார். முன்னதில் குறைந்தபட்சம் 640 கணிப்புக் கோர்களும் 128-பிட் பாதையில் வேகமான ஜி.டி.டி.ஆர். 5 நினைவகமும் இருக்க, பின்னதில் 384 கோர்களும் 64-பிட் பாதையில் டி.டி.ஆர். 3-ம் இருக்கின்றன, அந்த டி.டி.ஆர். 3-ஐ 4 ஜி.பி. ஆக்கினாலும் அது முன்னதை எட்டாது. மேலும், 2005-ஐ ஒட்டிய விளையாட்டுகளுக்குத் தனிக் கார்டே தேவையில்லை: எட்டாம் தலைமுறை இன்டெலில் உள்ள யு.எச்.டி. 620, 'சான் ஆண்ட்ரியாஸை'யும் 'மோஸ்ட் வாண்டடை'யும் சௌகரியமாக இயக்கும்.

நம்பிக்கை 5: ஐ7 என்றால் ஐ5-ஐவிட மேல்; வேகம் எவ்வளவோ இன்பம் அவ்வளவு.

ஏழாம் தலைமுறை ஐ7-7500யு-வில் இரண்டு கோர்கள். எட்டாம் தலைமுறை ஐ5-8250யு-வில் நான்கு. பழைய விளையாட்டுகள் பெரும்பாலும் ஒரே கோரை நம்பி ஓடுவன. அந்த ஒற்றைக் கோரின் உச்ச வேகத்தில் இரண்டும் ஏறக்குறைய சமமே. ஆனால் விண்டோஸ் 10-க்கு ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டபடியாலும், விண்டோஸ் 11 இன்டெலில் பொதுவாக எட்டாம் தலைமுறை முதற்கொண்டே ஏற்பதாலும், பெயரில் சிறிய ஐ5-தான் வாங்கத் தக்கது. வேகமும் எப்போதும் நன்மையன்று: டாஸ் காலத்து விளையாட்டுகள் சில பிராசசரின் வேகத்தையே கடிகாரமாகக் கொண்டிருந்தமையால் இன்று கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும், 'சான் ஆண்ட்ரியாஸி'ல் காட்சி வேகக் கட்டுப்பாட்டை நீக்கினால், கதாநாயகன் நீந்துவதுகூடத் தடுமாறும்.

நம்பிக்கை 6: பழைய லேப்டாப் சூடாவது சகஜம்.

சூடாவது சகஜம், அதைப் பொறுத்துக்கொள்வதுதான் தவறு. உஷ்ணம் எல்லை கடந்தால் பிராசசர் தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். விசிறியில் அடைந்த தூசியும் காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டும் நல்ல யந்திரத்தையும் மந்தமாக்கிவிடும். கடையில் விண்டோஸ் திறப்பதைக் கண்டு திருப்தியடையாமல், பென் டிரைவில் ஒரு விளையாட்டைக் கொண்டுபோய், சார்ஜரை மாட்டி, அரை மணி நேரமாவது ஓடவிட்டுப் பார்ப்பது உசிதம்.

இத்தனையும் யோசித்தால் வாங்கும் முறை புலப்படும். யந்திரத்தைத் தேடுமுன் ஆட விரும்பும் விளையாட்டுகளை ஆண்டுவாரியாக எழுத வேண்டும். அந்தப் பட்டியலில் மிகப் புதியது எதுவோ அது லேப்டாப்பின் பலத்தைத் தீர்மானிக்கும். மிகப் பழையது எதுவோ அது 'டாஸ்பாக்ஸ்' போன்ற துணை நிரல்களைத் தீர்மானிக்கும். 2008-க்கு முற்பட்டவையே பட்டியலில் பெரும்பாலும் இருக்குமானால், அலுவலகங்கள் உபயோகித்துக் கழித்த திங்க்பேட் டி480, எலைட்புக் 840 ஜி5 போன்று, ராமுக்கு இரண்டு இடமுள்ள எட்டாம் தலைமுறை லேப்டாப் ஒன்று போதும். 'கேமிங்' என்ற பட்டத்துக்குக் கொடுக்காமல் மிச்சம் பிடித்த தொகையில், இரண்டாவது ராம் குச்சி, ஹார்ட் டிஸ்க் இருந்தால் அதற்குப் பதிலாக ஓர் எஸ்.எஸ்.டி., ஒரு தடவை தெர்மல் பேஸ்ட் மாற்றும் கூலி ஆகிய மூன்றும் அடங்கிவிடும்.