எத்தனை புள்ளி வரை அளக்க வேண்டும்?



லேபில் 7805 ஐ.சி.யை வைத்து பவர் சப்ளை செய்கிறோம். மீட்டர் 4.93 வோல்ட் காட்டுகிறது. "அய்யோ, 5 வரலையே!" என்று ஐ.சி.யையே மாற்றுபவர்கள் உண்டு. ரெக்கார்டில் 5.00 என்று எழுதி விடுபவர்களும் உண்டு. இரண்டுமே வேண்டாத வேலை. டேட்டா ஷீட்டைப் புரட்டிப் பாருங்கள். 4.8 முதல் 5.2 வோல்ட் வரை எது வந்தாலும் அந்த ஐ.சி. நல்ல ஐ.சி.தான். அதிலிருந்து ஓடும் 74 வரிசை டி.டி.எல். ஐ.சி.க்கும் 4.75 முதல் 5.25 வரை போதும். ஆகவே 4.93 என்பதே சரியான ரீடிங். அதை அப்படியே எழுதலாம்.

சரி, மீட்டர் காட்டுவது மட்டும் முழு உண்மையா? சாதாரண மூன்றரை டிஜிட் மீட்டரின் பிழை, டி.சி. வோல்டேஜில் பெரும்பாலும் 0.5 சதவீதமும் 2 டிஜிட்டும் என்று போட்டிருக்கும். 20 வோல்ட் ரேஞ்சில் ஒரு டிஜிட் என்பது 0.01 வோல்ட். மீட்டர் 5.00 காட்டினால் 0.025 + 0.02 = 0.045 வோல்ட் கூடவோ குறையவோ இருக்கலாம். டிஜிட் அதிகம் தெரிவது வேறு, துல்லியம் வேறு!

அப்படியானால் எவ்வளவு துல்லியம் போதும்? நடைமுறையில் ஒரு கணக்கு உண்டு. அளக்கும் பொருளின் டாலரன்ஸில் நான்கில் ஒரு பங்குக்குள் மீட்டரின் பிழை இருந்தால் போதும். தங்க நிறக் கோடு போட்ட 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் 950 முதல் 1050 ஓம் வரை இருக்கலாம். இதற்கு 1.25 சதவீத மீட்டரே போதும். எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டரில் 20 சதவீத வித்தியாசம் சர்வசாதாரணம்.

ஆனால் எல்லா இடத்திலும் இப்படி விட்டுவிட முடியாது.

1. லித்தியம் அயான் செல்லை 4.20 வோல்ட் வரைதான் சார்ஜ் செய்ய வேண்டும். 0.05 வோல்ட் மீறினாலே ஆபத்தான பக்கம் போகிறோம். மேலே சொன்ன கணக்குப்படி மீட்டரின் பிழை 0.0125 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். நம் சாதாரண மீட்டரின் பிழையோ 0.041 வோல்ட். இங்கே அதை நம்பக் கூடாது.

2. கடிகாரம். 555 டைமரில் 1 சதவீதப் பிழை என்றால் ஒரு நாளைக்கு 14 நிமிடத்துக்கு மேல் தவறும். அதனால்தான் 32,768 ஹெர்ட்ஸ் கிரிஸ்டல் போடுகிறார்கள். பத்து லட்சத்தில் 20 பங்கு பிழை உள்ள கிரிஸ்டல், நாளைக்கு 2 செகண்டுக்குள்தான் தவறும்.

3. மீட்டரே சர்க்யூட்டை மாற்றிவிடும் இடம். 10 வோல்ட் சப்ளையில் இரண்டு 1 மெகா ஓம் ரெசிஸ்டரை சீரிஸில் போட்டால் நடுவில் 5 வோல்ட். வோல்ட்டுக்கு 20,000 ஓம் உள்ள முள் மீட்டரை 10 வோல்ட் ரேஞ்சில் வைத்தால் அது 1.43 தான் காட்டும். 10 மெகா ஓம் டிஜிட்டல் மீட்டர்கூட 4.76 தான் காட்டும். இங்கே எத்தனை டிஜிட் இருந்தும் பயனில்லை. மீட்டரின் ரெசிஸ்டன்ஸையும் சேர்த்துக் கணக்குப் போடத் தெரிய வேண்டும்.

எனவே நண்பர்களே, விலை உயர்ந்த மீட்டர் நம்மிடம் இல்லையே என்று யாரும் ஏங்க வேண்டாம். வீட்டில் கஷ்டப்பட்டுத் தரும் காசுக்கு ஒரு சாதாரண மீட்டரும் இன்சுலேஷன் விடாத நல்ல புரோப் வயரும் வாங்கினால், டிப்ளமோ வேலைகளில் பெரும்பாலானவற்றுக்குப் போதும். அளப்பதற்கு முன் "இதில் எவ்வளவு பிழை வரலாம்?" என்று கேட்கும் பழக்கத்துக்குக் காசே தேவையில்லை!