புஸ்பாகோம் நாளுக்கு ஒரு குழாய், சாலைக்கு ஒரு குழாய்?

கேள்வி: சொந்தமாக ஒரு லோரி வைத்து, சுற்றுவட்டாரத்துச் சிறு தோட்டங்களிலிருந்து ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றுகிறேன். தோட்டத்துச் செம்மண் பாதையில் இடித்து இடித்து எக்ஸோஸ் குழாய் நெளிந்து, துருப்பிடித்து ஓட்டையும் விழுந்துவிட்டது. கேபினுக்குப் பின்னால் மேல்நோக்கிப் பெரிய குழாயாக வைத்துத் தருவதாகப் பட்டறைக்காரர் சொல்கிறார். சைலன்சரை எடுத்துவிட்டால் டீசலும் மிச்சமாம். புஸ்பாகோம் வாகனச் சோதனை வரும்போது மட்டும் பழைய குழாயை மாட்டிக்கொண்டால் போதுமாம். இது சட்டப்படி சரியா? பிடிபட்டால் பொறுப்பு யாருடையது?
– வாசகர், பத்தாங் பெர்ஜுந்தை (பெஸ்தாரி ஜெயா)

பதில்: உங்கள் கடிதத்தில் இரண்டு கேள்விகள் ஒன்றாகப் பின்னிக்கிடக்கின்றன. கம்பெனிக் குழாய்க்குப் பதிலாகப் பட்டறையில் அளவெடுத்துச் செய்த குழாயை மாட்டலாமா என்பது ஒன்று. மாட்டலாம், அதற்கான நிபந்தனைகளைக் கீழே சொல்கிறேன். சோதனைக்கு ஒரு குழாய், ஓட்டத்துக்கு ஒரு குழாய் என்று வைத்துக்கொள்ளலாமா என்பது மற்றொன்று. கூடாது. பட்டறைக்காரர் இரண்டையும் ஒரே பேச்சில் கலந்து சொன்னதால்தான், நியாயமான உங்கள் தேவை குற்றத்தின் பக்கம் சாய்ந்து நிற்கிறது.

சட்டம் என்ன கேட்கிறது என்பதை முதலில் பார்ப்போம். வாகனக் கட்டமைப்பு, பயன்பாடு பற்றிய 1959 ஆம் ஆண்டு விதிகள், இயந்திரத்திலிருந்து வெளிவரும் வாயுவின் இரைச்சலை நியாயமான அளவுக்குக் குறைக்கும் சைலன்சர் வண்டியில் இருக்க வேண்டும் என்கின்றன. மீறினால் முதல் குற்றத்துக்கு 2,000 வெள்ளி வரை அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்கப்படலாம். 1987 ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 12 ஆவது பிரிவு, பதிவேட்டில் உள்ள விவரத்தோடு ஒத்துப்போகாத மாற்றம் எதையும் பதிவு உரிமையாளர் சாலைப் போக்குவரத்து இலாகாவான ஜேபிஜேவுக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. 1974 ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் கீழ் 1996இல் வந்த டீசல் புகைக் கட்டுப்பாட்டு விதிமுறைகள் புகையின் அடர்த்தியை 50 ஹார்ட்ரிட்ஜ் அலகுக்குள் நிறுத்துகின்றன. அதே சட்டத்தின் கீழ் வந்த 1987 ஆம் ஆண்டு விதிமுறைகள் இரைச்சலுக்கு வரம்பு வைக்கின்றன. இவற்றில் எதுவும் குழாயை யார் செய்தார் என்று கேட்பதில்லை. சைலன்சர் இருக்கிறதா, புகையும் சத்தமும் வரம்புக்குள் இருக்கின்றனவா, பதிவான வண்டி இன்னும் அதே வண்டியாக இருக்கிறதா என்றுதான் கேட்கின்றன. துருப்பிடித்த குழாய்க்குப் பதில் புதுக் குழாய் போடுவது பழுதுபார்ப்பு. அதையே மேல்நோக்கித் திருப்பும்போது கேபினையோ சேசிஸையோ ஏற்றும் பெட்டியையோ வெட்ட வேண்டியிருந்தால் விஷயம் மாறிவிடும். அப்போது வேலை தொடங்குமுன்பே வரைபடத்தோடு ஷா ஆலாம் பாடாங் ஜாவாவில் உள்ள ஜேபிஜே சிலாங்கூர் அலுவலகத்துக்கு எழுதி, பதிலையும் எழுத்திலேயே வாங்கிவிடுங்கள்.

இனி அந்த 50 என்ற எண்ணுக்கு வருவோம், பட்டறைப் பேச்சில் பாதி இங்கேதான் உடைகிறது. ஹார்ட்ரிட்ஜ் அளவுகோல் பூச்சியத்திலிருந்து 100 வரை போகும். ஒளி முழுக்க ஊடுருவினால் பூச்சியம், துளியும் ஊடுருவாவிட்டால் 100. வண்டியை நிறுத்தி வைத்து, கியர் போடாமல் ஆக்சிலரேட்டரை ஒரே மிதியாக மிதித்து, குழாய் முனையில் செருகிய கருவி புகையின் கருமையை அளக்கிறது. அந்தக் கருமை பிறப்பது இயந்திரத்தின் உள்ளே: அழுக்கேறிய இன்ஜெக்டர், அடைத்த காற்று வடிகட்டி, தேய்ந்த டர்போ, அளவுக்கு மீறித் திறந்துவிட்ட டீசல் பம்ப். கடைசியில் சொன்னது நம் பக்கத்துப் பட்டறைகளின் பழைய வியாதி. குழாய் பெரிதானால் டர்போவுக்குப் பின்னால் வாயு கொஞ்சம் இலகுவாக வெளியேறும், அவ்வளவுதான். அதற்காக சைலன்சரை வெட்டி எறிய வேண்டியதில்லை, மூல அளவுக்குக் குறையாத குழாயும் நல்ல சைலன்சரும் இருந்தாலே போதும். 2024 ஜூன் 10இல் தீபகற்பத்தில் டீசல் 2.15 வெள்ளியிலிருந்து 3.35 வெள்ளிக்கு ஏறிய பிறகு, மிச்சம் என்ற சொல் எந்த லோரிக்காரர் காதிலும் தேனாகத்தான் விழும். ஆனால் வெளியே தள்ளும் கரும்புகை எரியாமல் போன டீசல்தான். மிச்சம் பிடிக்க வேண்டுமானால் இன்ஜெக்டரைச் சோதிக்கும் வேலைக்குக் காசு செலவழியுங்கள். டர்போவுக்கு முன்னால் கசிவு இருந்தால் அதை அடையுங்கள். அந்த இடத்துக் கசிவு டர்போவின் அழுத்தத்தைக் குறைத்துப் புகையைக் கூட்டும்.

குழாய் மாற்றும் யோசனைக்கு வருகிறேன். வணிக வாகனத்துக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை சோதனை என்பதால், அந்த ஒரு நாளை மட்டும் சமாளித்தால் மற்ற நாள்கள் நம்முடையவை என்ற கணக்கு பலரிடம் இருக்கிறது. சோதனைச் சான்றிதழ் அன்றைக்கு வண்டி எப்படி இருந்தது என்பதைத்தான் சொல்கிறது. மறுநாள் புகை விடுவதற்கான அனுமதி அதில் இல்லை. புகை விதிமுறை சாலையில் ஓடும் ஒவ்வொரு நாளுக்கும் உரியது. சுற்றுச்சூழல் இலாகாவின் அவாசி நடவடிக்கையில் அதிகாரிகள் சாலையோரத்திலேயே கருவியோடு நிற்கிறார்கள். லோரியை நிறுத்தவும் புகையை அளக்கவும், வரம்பு மீறினால் வண்டியை ஓட்டத் தடை ஆணை கொடுக்கவும் அவர்களுக்கு அதிகாரம் உண்டு. குலைகள் பறித்த பின் ஆலைக்கு நேரத்தோடு சேர வேண்டிய தொழிலில், அபராதத்தைவிட அந்தத் தடை ஆணைதான் அதிகம் வலிக்கும். இதைவிட மோசமான பின்விளைவு ஒன்றும் இருக்கிறது. குழாய் தானாகத் துருப்பிடித்துப் போயிருந்தால் ‘கவனிக்கவில்லை’ என்று நீதிமன்றத்தில் கருணை கேட்கலாம். சோதனைக்கென்று தனிக் குழாயைக் கொட்டகையில் வைத்திருப்பவர் அந்த வாதத்தைத் தன் கையாலேயே அழித்துவிடுகிறார். தெரிந்தே செய்தார் என்பதற்கு அந்தப் பழைய குழாயே சாட்சி. 2015இல் வெளிவந்த ஃபோல்க்ஸ்வாகன் விவகாரம் நினைவிருக்கும்: உலகம் முழுக்க சுமார் 1 கோடியே 10 லட்சம் டீசல் வாகனங்களில், சோதனை நடப்பதைக் கண்டுகொண்டு அப்போது மட்டும் புகையை அடக்கும் மென்பொருள் இருந்தது. அந்த வண்டிகள் எல்லாமே ஆய்வகத்தில் தேறியவைதான். தேறியதால் நிறுவனம் தப்பவில்லை. தேறுவதற்கென்றே ஏற்பாடு செய்திருந்ததுதான் அதன் மீதான குற்றச்சாட்டு. பட்டறைக்காரர் உங்களுக்குச் சொல்வதும் அதே வேலை, மென்பொருளுக்குப் பதில் ஸ்பானர்.

‘லோரி பெரும்பாலும் தோட்டத்துக்குள்தானே ஓடுகிறது’ என்று நீங்கள் கேட்கலாம். சாலைப் போக்குவரத்துச் சட்டத்தில் சாலை என்பது அரசுச் சாலையோடு நிற்பதில்லை. பொதுமக்கள் போய்வரக்கூடிய வேறு சாலைகளும் அதில் அடங்கும். பள்ளிப் பிள்ளைகளும் கோயிலுக்குப் போகிறவர்களும் நடக்கும் தோட்டத்துப் பாதையைத் தனியார் நிலம் என்று சொல்லி வாதாடுவது எளிதல்ல. தவிரவும், ஆலைக்குப் போக ஈஜோக் பக்கமோ புக்கிட் ரோத்தான் பக்கமோ ஏதாவது ஓர் இடத்தில் பொதுச் சாலையில் ஏறித்தான் ஆக வேண்டும். ‘எல்லாரும்தான் செய்கிறார்கள்’ என்பதும் வாதமாகாது. அண்டை வீட்டுக்காரர் பிடிபடாதது உங்கள் வழக்கில் ஆதாரமாக ஏறாது. சட்டம் ஒருபுறம் இருக்க, டீசல் புகையைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2012இல் சேர்த்தது. அந்தப் புகையை முதலில் சுவாசிப்பவர் லோரிக்குப் பின்னால் குலை ஏற்றி நிற்கும் உங்கள் ஆள்தான்.

புது மாடல் லோரி வைத்திருப்பவர்களுக்கும் சேர்த்து இதைச் சொல்லிவிடுகிறேன். குழாயின் நடுவில் துகள் வடிகட்டியோ வினையூக்கியோ இருந்தால் அதைத் தொடாதீர்கள். புதிதாகச் செய்வது அதற்குப் பின்னால் வரும் பகுதியாக மட்டும் இருக்கட்டும். வடிகட்டியை எடுத்துவிட்ட வண்டி, இயந்திரம் நல்ல நிலையில் இருந்தால், 50 அலகுச் சோதனையில் தேறிவிடக்கூடும். சோதனைக் கருவி கருமையை மட்டுமே பார்க்கிறது, நைட்ரஜன் ஆக்சைடுகளை அளப்பதில்லை. ஆனால் அந்த மாடல் இந்த நாட்டில் பதிவாக அனுமதி பெற்றதே அந்த வடிகட்டியோடுதான். அமெரிக்காவில் இப்படிப் புகைக் கட்டுப்பாட்டுக் கருவிகளைக் கழற்றிய டீசல் பிக்கப் வண்டிகள் பத்தாண்டில் 550,000க்கும் அதிகம் என்று அந்நாட்டுச் சுற்றுச்சூழல் அமைப்பு 2020இல் கணக்கிட்டது. அங்கே கழற்றுவதே சட்டமீறல், தேறியதா என்ற கேள்வியே எழுவதில்லை. இந்தியாவில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில், உற்பத்தியாளர் குறிப்பிட்ட விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டு யூடியூப் காணொளிகளைப் பார்த்து ஆசைப்படுகிறவர்கள், அந்த வண்டிகள் அங்கேயே சட்டப்படியானவை அல்ல என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது.

பொறுப்பு யாருடையது என்று கேட்டீர்கள். சாலையில் வண்டியைப் பயன்படுத்துவதற்குப் பதிவு உரிமையாளரும் ஓட்டுநரும்தான் பதில் சொல்ல வேண்டும். பட்டறைக்காரர் பெயர் பொதுவாகச் சம்மனில் வராது. அவரிடம் நஷ்டம் கேட்கலாமே என்றால், 1950 ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 24 ஆவது பிரிவு குறுக்கே வரும்: நோக்கம் சட்டவிரோதமான ஒப்பந்தம் செல்லாது. சைலன்சரை எடுக்கச் சொல்லி நீங்களே பணம் கொடுத்திருந்தால், அந்தப் பணத்தைத் திருப்பிக் கேட்டு நீதிமன்றத்தில் நிற்க முடியாது. சட்டப்படியான குழாயைச் செய்யச் சொல்லி அவர் மோசமாகச் செய்திருந்தால் வழி உண்டு. ஆனால் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் சொந்த உபயோகத்துக்கு வாங்குகிறவருக்கானது. தொழில் லோரிக்காகப் பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போக முடியாது. 5,000 வெள்ளிக்குள் என்றால் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறு வழக்கு நடைமுறை இருக்கிறது, அங்கே வழக்கறிஞர் தேவையில்லை. அதற்கு ரசீது வேண்டும்.

ஆகவே வேலை தொடங்குமுன் ஒரு தாளில் எழுதி வாங்குங்கள்: சைலன்சர் இருக்கும், குழாயின் உள்விட்டம் மூல அளவுக்குக் குறையாது, பிரேக் குழாய், ஹைட்ராலிக் குழாய், மின்கம்பி, டீசல் டாங்கி ஆகியவற்றிலிருந்து தள்ளி, வெப்பத் தடுப்போடு போகும், கருவி செருகும்படி முனை நேராகவும் எட்டும் உயரத்திலும் இருக்கும், புகை அல்லது இரைச்சல் காரணமாகச் சோதனையில் தோற்று, கோளாறு குழாயில் என்று தெரிந்தால் இலவசமாகச் சரிசெய்து தருவார். வெப்பத் தடுப்பைப் பற்றிய வரியை மட்டும் பேரம் பேசி விட்டுக்கொடுக்காதீர்கள். காய்ந்த ஓலையும் சருகும் பெட்டியில் கிடக்கும் லோரியில் மேல்நோக்கிப் போகும் குழாய் தீ வைக்கக்கூடும். தீ விபத்துக் கோரிக்கை வந்தால் காப்புறுதி நிறுவனம் முதலில் தேடுவது தெரிவிக்கப்படாத மாற்றத்தைத்தான். 2013 ஆம் ஆண்டு நிதிச் சேவைச் சட்டப்படி தொழிலுக்காகக் காப்புறுதி எடுப்பவருக்கு உண்மையைத் தெரிவிக்கும் கடமை கடுமையானது. குழாயை மாற்றிய வாரத்திலேயே படத்தோடு அவர்களுக்கு ஒரு கடிதம் எழுதி, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையை வாங்கி வையுங்கள். பழைய குழாயைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடுங்கள்.